கோல் அடிக்கத் தெரியும்... பாஸ்போர்ட்தான் பிரச்னை! - 'ஃபுட்பால் மேனேஜர்' காட்டும் ஒர்க் பெர்மிட் உலகம்

உலகம் முழுக்க சல்லடை போட்டுத் தேடி, நைஜீரியாவில் ஒரு 18 வயதுப் பையனைக் கண்டுபிடிக்கிறீர்கள். மின்னல் வேகம், கச்சிதமான ஷாட், கைக்கு அடக்கமான விலை. அவனுடைய கிளப் ஓகே சொல்லிவிட்டது. சம்பளமும் பேசி முடித்தாயிற்று. இனி கையெழுத்துதான் பாக்கி என்று நினைக்கும்போது இன்பாக்ஸில் ஒரு மெசேஜ் வந்து விழும். ஒர்க் பெர்மிட் மறுக்கப்பட்டது, ஒப்பந்தம் ரத்து!

'ஃபுட்பால் மேனேஜர்' கேமில் இங்கிலாந்து கிளப்பை எடுத்து ஆடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் வாங்கிய கோலைக்கூட மன்னித்துவிடுவார்கள், இந்த மெசேஜை மன்னிக்க மாட்டார்கள். 'கேமில் எதற்கு இந்த விசா தொல்லை?' என்பதுதான் அவர்களின் நிரந்தரப் புலம்பல்.

ஆனால், மொத்த கேமிலும் நிஜத்துக்கு மிக நெருக்கமான விஷயம் எது என்று கேட்டால், இந்தத் தொல்லையைத்தான் சொல்ல வேண்டும்.

பந்தைத் தொடாத பந்தாட்டம்

இந்த கேமைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். இதில் நீங்கள் பந்தை உதைக்க மாட்டீர்கள். நீங்கள் அணியின் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைக் களமிறக்குவது, எப்படி ஆடச் சொல்வது என்று முடிவெடுப்பதுதான் உங்கள் வேலை. ஆட்டம் ஓடும்போது கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற இரண்டு இங்கிலாந்து சகோதரர்கள் உருவாக்கி, 1992-ல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் வெளியான கேம்தான் இதன் ஆரம்பம். 2004-ல் இருந்து 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் 'ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்' நிறுவனம் உருவாக்க, 'சேகா' வெளியிடுகிறது. 2024 பதிப்பின் மொபைல் வடிவம் நெட்ஃப்ளிக்ஸ் சந்தாதாரர்களுக்கான கேமாக வந்ததால், கம்ப்யூட்டர் இல்லாதவர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

கேமின் பலமே அதன் தகவல் களஞ்சியம்தான். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிஜப் போட்டிகளைப் பார்த்து, வீரர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2008-ல் இங்கிலாந்தின் எவர்டன் கிளப், நிஜமாகவே ஆள் தேடுவதற்கு இந்தத் தகவல்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீரர்களின் வேகத்தையும் உயரத்தையும் அவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்பவர்கள், அவர்களின் பாஸ்போர்ட்டை மட்டும் விட்டுவிடுவார்களா என்ன?

ஆளைப் பார்க்காதே, நாட்டைப் பார்!

இங்கிலாந்தின் பழைய விதி இதுதான். ஐரோப்பிய யூனியன் வட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு வீரர் வர வேண்டுமானால், கடைசி இரண்டு ஆண்டுகளில் தன் நாட்டு அணியின் அதிகாரபூர்வப் போட்டிகளில் 75 சதவிகிதத்திலாவது ஆடியிருக்க வேண்டும். அந்த நாடும் ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும்.

2015-ல் விதியை இன்னும் இறுக்கினார்கள். 70 என்பது 50 ஆனது. முதல் 10 இடங்களில் இருக்கும் நாட்டின் வீரர் 30 சதவிகிதப் போட்டிகளில் ஆடியிருந்தால் போதும். 31-ல் இருந்து 50-க்குள் இருக்கும் நாடு என்றால் 75 சதவிகிதம் தேவை.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரேசிலில் பிறந்த ஒருவர் மூன்றில் ஒரு ஆட்டத்தில் தலைகாட்டினால் கதவு திறக்கும். 45-வது இடத்தில் இருக்கும் நாட்டில் பிறந்தவர் நான்கில் மூன்று ஆட்டங்களில் ஆட வேண்டும். 51-வது இடத்தில் இருக்கும் நாட்டுக்காரர், ஒரு போட்டி விடாமல் ஆடினாலும் அந்தக் கதவு தானாகத் திறக்காது. தனியாக ஒரு குழுவிடம் முறையிட்டு, 'இவர் விதிவிலக்கான திறமைசாலி' என்று நிரூபிக்க வேண்டும்.

விதி ஏன் இப்படி? உள்ளூர் இளைஞர்களின் இடத்தை, சுமாரான வெளிநாட்டு வீரர்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது. உச்சத்தில் இருப்பவர்கள் மட்டும் வரட்டும் என்பது இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியன் சூப்பர் லீகிலேயே, ஒரு அணி ஒரே நேரத்தில் களமிறக்கக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை 2021-22 சீசனில் ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. இந்திய வீரர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் அதற்கும் காரணம்.

ஆனால், இந்த வடிகட்டியில் சுமாரானவர்கள் மட்டுமா சிக்குகிறார்கள்?

சுனில் சேத்ரிக்கு நடந்தது

2009-ம் ஆண்டு. அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பில் ஆடிக்கொண்டிருந்த லண்டன் கிளப் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், இந்தியாவின் சுனில் சேத்ரியுடன் மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்குத் தயாரானது. கிளப் ஓகே, வீரர் ஓகே. ஒர்க் பெர்மிட்தான் கிடைக்கவில்லை. காரணம், இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை.

இந்தியா தன் வரலாற்றிலேயே தொட்ட மிக உயர்ந்த தரவரிசை 94. அது 1996 பிப்ரவரியில். அதாவது, அந்த விதியின்படி எந்த இந்தியக் கால்பந்து வீரருக்கும், எந்தக் காலத்திலும் தானாக அனுமதி கிடைத்திருக்காது. சேத்ரி எத்தனை கோல் அடித்தார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பிறகு அவர் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனார். போர்ச்சுக்கலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் 'பி' அணிக்கும் போய் வந்தார். 2024 ஜூனில் 94 சர்வதேச கோல்களுடன் விடைபெற்றபோது, உலக அளவில் அதிக சர்வதேச கோல் அடித்தவர்கள் பட்டியலில் ரொனால்டோ, மெஸ்ஸி போன்றவர்களோடு சேர்த்துப் பேசப்பட்டார். 2025-ல் அவர் மீண்டும் இந்திய அணிக்குத் திரும்பியது தனிக்கதை. ஆனால், இங்கிலாந்து களம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஆறு வருடங்கள், ஏழு முறை இரவல்

சேத்ரிக்குக் கதவே திறக்கவில்லை. தைவோ அவோனியிக்குக் கதவு திறந்தது. ஆனால், அதற்குள் ஆறு வருடங்கள் ஓடிவிட்டன.

நைஜீரியாவைச் சேர்ந்த இவர், 2013-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். 2015 ஆகஸ்ட்டில், 18 வயதில், சுமார் 4 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல் இவரை வாங்கியது. ஆனால், நைஜீரியாவின் சீனியர் அணிக்கு அவர் இன்னும் ஆடவில்லை. ஒர்க் பெர்மிட் கிடையாது. இங்கிலாந்தில் ஆட முடியாது.

என்ன செய்வது? இரவலாக அனுப்பினார்கள். ஜெர்மனியில் எஃப்.எஸ்.வி. ஃபிராங்க்ஃபர்ட். அடுத்து நெதர்லாந்தின் என்.இ.சி. பிறகு பெல்ஜியத்தின் மூஸ்க்ரோன், கென்ட், மறுபடியும் மூஸ்க்ரோன். திரும்ப ஜெர்மனிக்கு வந்து மைன்ஸ். கடைசியாக யூனியன் பெர்லின். மொத்தம் ஏழு முறை. ஒவ்வொரு முறையும் புது ஊர், புது மொழி, புது வீடு, புது கோச். சம்பளம் தரும் கிளப்போ, ஆட முடியாத ஒரு நாட்டில் இருந்தது.

2021-ல்தான் அவருக்கு பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. அதற்குள் லிவர்பூல் அவரை விற்க முடிவெடுத்துவிட்டது. ஒரே ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடாமல் அங்கிருந்து கிளம்பி, யூனியன் பெர்லினிலேயே நிரந்தரமாகச் சேர்ந்தார். அங்கே கோல்களாக அடித்துத் தள்ள, 2022-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தது.

23 வருடங்களுக்குப் பிறகு பிரீமியர் லீகுக்குத் திரும்பியிருந்த ஃபாரஸ்ட்டின் முதல் கோலை அடித்தவர் அவோனியி. அதே அக்டோபரில் லிவர்பூலை 1-0 என ஃபாரஸ்ட் வீழ்த்தியது. அந்த ஒரு கோலும் அவருடையதுதான். 2023 மே மாதம் ஆர்சனலை வென்று, கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்திலிருந்து ஃபாரஸ்ட் தப்பியது. அந்த ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே.

அனுமதி மறுத்த காலமெல்லாம், 'இவர் இங்கிலாந்தில் ஆடும் தரத்தில் இல்லை' என்பதுதான் காகிதத்தில் இருந்த பதில்.

பிரெக்ஸிட்டை முன்பே ஆடிப்பார்த்த கேம்

2016 ஜூனில், ஐரோப்பிய யூனியனிலிருந்து வெளியேற பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். அடுத்து என்ன ஆகும் என்று அரசியல்வாதிகளே முழித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த 'ஃபுட்பால் மேனேஜர் 2017' அதை கேமுக்குள் கொண்டுவந்துவிட்டது.

'ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்' தலைவர் மைல்ஸ் ஜேக்கப்சன் குழு, மூன்று முடிவுகளை எழுதி வைத்தது. ஒன்று, ஐரோப்பிய வீரர்கள் வழக்கம்போல் வந்து போகலாம். இரண்டு, கலைஞர்களைப் போல கால்பந்து வீரர்களுக்கும் சலுகை. மூன்று, ஐரோப்பியர்களுக்கும் மற்றவர்களைப் போலவே ஒர்க் பெர்மிட். ஒவ்வொரு முறை புதிதாக ஆடும்போதும் எது வரும் என்று தெரியாது. சில சீசன்கள் கழித்து செய்தி வரும். அதற்கேற்ப உங்கள் திட்டங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது முடிவு எவ்வளவு கடுமையானது என்பதற்கு அப்போதைய சாம்பியன் அணியே உதாரணம். 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கித் தள்ளிய லெஸ்டர் சிட்டி, 2016-ல் பிரீமியர் லீகை வென்றது. அந்த அணியின் என்கோலோ கான்டே, 2015-ல் பிரான்ஸின் கான் கிளப்பிலிருந்து வந்தபோது, நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ரியாத் மாரெஸ் 2014 ஜனவரியில் பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனிலிருந்து வந்தார். அவரும் அப்போது எந்த சர்வதேசப் போட்டியிலும் ஆடியிருக்கவில்லை. ஐரோப்பிய பாஸ்போர்ட் இருந்ததால் எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே வந்தார்கள். மற்ற நாட்டவர்களுக்கான விதி அவர்களுக்கும் இருந்திருந்தால், லெஸ்டரின் கோப்பைக் கதையே மாறியிருக்கும்.

15 பாயின்ட் கணக்கு

கடைசியில் நிஜத்திலும் கடினமான பாதையே வந்தது. 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், ஆசியர் என்ற வித்தியாசம் இல்லாமல், வெளிநாட்டு வீரர்கள் எல்லோருக்கும் ஒரே பாயின்ட் முறை. 'ஃபுட்பால் மேனேஜர் 2021' பதிப்பிலும் இது இடம்பிடித்தது.

முன்னணி நாட்டுக்கு அடிக்கடி ஆடுபவர்களுக்கு இப்போதும் நேரடி அனுமதி உண்டு. மற்றவர்கள் 15 பாயின்ட் சேர்க்க வேண்டும். எத்தனை சர்வதேச ஆட்டங்கள், எந்த லீகில் ஆடுகிறார், கிளப்புக்காக எவ்வளவு நேரம் களத்தில் இருந்தார், கண்ட அளவிலான போட்டிகளில் ஆடினாரா, அவருடைய கிளப் எந்த இடத்தில் முடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் பாயின்ட். 10 முதல் 14 வரை எடுத்தால் சிறப்புக் குழுவிடம் முறையிடலாம்.

இதில் நல்லது என்ன? நாட்டு அணி மட்டுமே எல்லாம் என்ற நிலை மாறியது. நல்ல லீகில் தொடர்ந்து ஆடினால், நாட்டு அணியில் இடமில்லாதவருக்கும் வழி உண்டு. அவோனியிக்கு அனுமதி கிடைத்தது இந்த முறை வந்த பிறகுதான்.

கெட்டது? 18 வயதுக்குக் கீழே இருக்கும் வெளிநாட்டுச் சிறுவர்களை இங்கிலாந்து கிளப்கள் இனி வாங்கவே முடியாது. செஸ்க் ஃபேப்ரிகாஸ் 16 வயதில் பார்சிலோனாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்ததும், பால் போக்பா 16 வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்ததும் பழங்கதை ஆகிவிட்டது.

2023-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். விதிமுறைக்குள் வராத வீரர்களையும், மேல் இரண்டு டிவிஷன் கிளப்கள் நான்கு பேர் வரை, அடுத்த இரண்டு டிவிஷன் கிளப்கள் இரண்டு பேர் வரை சேர்க்கலாம். அந்த நான்கில் எத்தனை கிடைக்கும் என்பது, இங்கிலாந்து வீரர்களுக்கு அந்த கிளப் எவ்வளவு ஆட்ட நேரம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

பக்கத்து நாடு வழியாக ஒரு பாதை

கேம் ஆடுபவர்களுக்கு ஒரு பழைய உத்தி தெரியும். பெர்மிட் கிடைக்காதவரை வேறு நாட்டு கிளப்பில் சில காலம் வளரவிட்டு, பிறகு அழைத்துக்கொள்வது. இது கேமுக்காகக் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. நிஜ கிளப்கள் செய்வதே இதுதான்.

மான்செஸ்டர் யுனைடெட் 2004-ல் சீனாவின் டாங் ஃபாங்ஜுவோவை வாங்கியது. பெர்மிட் கிடைக்காததால் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் கிளப்புக்கு அனுப்பியது. அவர் பிரீமியர் லீகில் கால் பதித்தது 2007 மே மாதம்தான். பிரைட்டன் 2021-ல் ஜப்பானின் கவோரு மிடோமாவை வாங்கிய கையோடு, பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸுக்கு அனுப்பி ஒரு சீசன் ஆடவைத்தது. அடுத்த சீசனில் வந்தவர், பிரீமியர் லீகின் பரபரப்பான விங்கர்களில் ஒருவரானார்.

இங்கிலாந்து மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. ஸ்பெயின் லீகில் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து மூன்று பேரைத்தான் பதிவு செய்யலாம். நெதர்லாந்திலோ பணம்தான் பூட்டு. வெளியிலிருந்து வரும் வீரருக்கு, லீகின் சராசரியைவிட ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுத்தாக வேண்டும். 20 வயதுக்குக் கீழே என்றால் அதில் பாதி. கேமிலும் நாட்டுக்கு நாடு இந்த வேறுபாடுகள் உண்டு.

கேமில் சிக்கினால் என்ன செய்யலாம்?

* ஆளைப் பிடித்துப்போனதும் பணம் பேசாதீர்கள். முதலில் ஸ்கவுட் ரிப்போர்ட்டில், ஒர்க் பெர்மிட் கிடைக்கும் வாய்ப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

* வீரரின் இரண்டாவது குடியுரிமையைக் கவனியுங்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய பாஸ்போர்ட் இங்கிலாந்தில் உதவாது. ஆனால், அயர்லாந்து பாஸ்போர்ட் இருந்தால் பெர்மிட்டே தேவையில்லை.

* பாயின்ட் குறைகிறதா? ஒரு சீசன் பொறுங்கள். அவர் பெரிய லீகுக்கு மாறினாலோ, நாட்டு அணியில் இடம்பிடித்தாலோ நிலைமை மாறும்.

* உள்நாட்டு வீரர்களுக்கு ஆட்ட நேரம் கொடுங்கள். விதிவிலக்கு இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த இடங்களைச் சுமாரான வீரர்களுக்குச் செலவழிக்காதீர்கள்.

* இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், போர்ச்சுக்கலில் ஆரம்பியுங்கள். வெளிநாட்டு வீரர்கள் விஷயத்தில் அங்கே இவ்வளவு கெடுபிடி கிடையாது.

இந்த டிப்ஸ் எல்லாம் கேமுக்கு உதவும். நிஜத்தில் ஒரு வீரரால் தன் வேகத்தைக் கூட்ட முடியும், ஷாட்டைத் திருத்த முடியும், நாளுக்கு ஆறு மணி நேரம் பயிற்சி எடுக்க முடியும். ஆனால், தன் நாட்டின் தரவரிசையைத் தனி ஆளாக 50-க்குள் இழுத்து வர முடியாது. அதற்கு மைதானங்கள் வேண்டும், பள்ளிக்கூட அளவில் போட்டிகள் வேண்டும், ஒழுங்காக நடக்கும் லீக் வேண்டும், அதை நடத்தத் தெரிந்த நிர்வாகம் வேண்டும்.

'ஏன் ஒரு இந்திய வீரர்கூட பிரீமியர் லீகில் ஆடவில்லை?' என்று வீட்டில் யாராவது கேட்டால், திறமை இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாட்டின் கால்பந்து எங்கே நிற்கிறதோ, அங்கேதான் அதன் வீரர்களின் ஒர்க் பெர்மிட்டும் நிற்கும்.